ஜப்பானா, கொரியாவா, சீனாவா: காரின் முகத்தைப் பார்த்து இனிச் சொல்ல முடியுமா?

குழித்துறைக்காரன்:

தலைப்பைப் பார்த்ததும் கொடியோடு வந்துவிடாதீர்கள். முழுசாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

தக்கலை ரோட்டில் ராத்திரி எதிரே வருகிற வண்டி எதுவென்று ஒரு காலத்தில் விளக்கை வைத்தே சொல்லிவிடலாம். உருண்டை விளக்கு அம்பாசடர். சப்பைச் சதுரம் மாருதி 800. ஓரத்தில் மேலே இழுத்துவிட்டது ஸ்விஃப்ட். இப்போது பானட் நுனியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வெளிச்சக் கோடு, அதற்குக் கீழே பம்பருக்குள் எங்கோ ஒளிந்திருக்கும் ஹெட்லைட். ஹூண்டாய் க்ரெட்டாவும் அப்படி, டாடா கர்வும் அப்படி, எம்ஜி வின்ட்ஸரும் அப்படி. பக்கத்தில் வந்து சின்னத்தைப் பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரிகிறது.

ஆனால் ஊரில் பேச்சு மட்டும் மாறவில்லை. ஜப்பான் வண்டி என்றால் தகரம் மெல்லிசு, இன்ஜின் சாகாது. கொரியா என்றால் பார்க்க ஜோர், விற்கப் போனால் விலை இல்லை. சீனா என்றால் காப்பி. நம்ம நாட்டு வண்டி என்றால் கட்டு உறுதி, ஃபினிஷிங் போதாது. செட்டிகுளம் டீக்கடை முதல் கல்யாணப் பந்தி வரை இந்த நாலு வாக்கியம்தான் சுற்றுகிறது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்தாயிற்று. வியட்நாமுக்கும் ஒரு வாக்கியத்தை யாராவது இந்நேரம் தயார் செய்திருப்பார்கள்.

இந்த நாலில் எது இன்றைக்கும் நிற்கும்? வண்டி வைத்திருப்பவர்கள், ஓட்டிப் பிழைப்பவர்கள், பணி பார்ப்பவர்கள் சொல்லுங்கள். யூடியூப் மட்டும் பார்த்தவர்களும் வரலாம், அதைச் சொல்லிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

ஆரல்வாய்மொழி காற்றாடி:

ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

கொரியா ரசனை, சீனா ரசனை என்கிறோமே, வரைந்தது யார் என்று ஒருமுறை பார்ப்போம். ஹூண்டாயின் முதல் சொந்த மாடல் போனி. 1974ல் டுரின் கண்காட்சியில் காட்டினார்கள். வரைந்தவர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ, இத்தாலிக்காரர், ஃபோக்ஸ்வேகனின் முதல் தலைமுறை கோல்ஃப் காரை வரைந்த அதே கை. இன்றைக்கு ஐயோனிக் 5ன் அந்த நறுக்கென்ற வடிவத்தைக் கொரியாவின் துணிச்சல் என்று புகழ்கிறோம். அது அந்தப் போனியைத் திரும்பிப் பார்த்துச் செய்தது. கியா 2006ல் பீட்டர் ஷ்ரையர் என்ற ஜெர்மானியரைக் கூட்டிவந்தது. ஃபோக்ஸ்வேகன், ஆடி என்று இருந்தவர். நீங்கள் செல்டோஸில் பார்க்கிற அந்தப் 'புலி மூக்கு' கிரில் அவர் காலத்தில் வந்தது. சீனாவின் பிஒய்டி கம்பெனியில் வடிவமைப்புக்குத் தலைமை வோல்ஃப்காங் எக்கர், அவரும் ஜெர்மானியர், ஆல்ஃபா ரோமியோவிலும் ஆடியிலும் இருந்தவர்.

நம்மவர்கள் மட்டும்? 1998ன் இண்டிகாவை டாடா டுரினில் உள்ள ஐடியா என்ற ஸ்டுடியோவோடு சேர்ந்துதான் உருவாக்கியது.

இனி உச்சம். வின்ஃபாஸ்ட் 2018ல் பாரீஸில் காட்டிய முதல் கார்களுக்கு பினின்ஃபரினாவிடம் போனது. அந்த பினின்ஃபரினாவை அதற்கு முன்பே மஹிந்திரா வாங்கியிருந்தது. ஆக, வியட்நாம் கம்பெனி, இத்தாலி ஸ்டுடியோ, மும்பை முதலாளி, இப்போது தூத்துக்குடித் தொழிற்சாலை. இதில் எந்த நாட்டு ரசனையை நான் திட்ட வேண்டும்?

நாகர்கோவில் டாக்ஸி:

தம்பி, பெயரெல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. வரைந்தவன் யாரென்று கேட்டு எந்தச் சவாரியும் ஏறியதில்லை.

குவாலிஸ் 2000த்தில் வந்தபோது என்ன பேச்சு பேசினார்கள் தெரியுமா? இந்தோனேசியாவில் ஓடித் தேய்ந்த பெட்டியை டொயோட்டா நம் தலையில் கட்டுகிறது, இதைப் போய் யார் வாங்குவார் என்று. அழகில்லை என்று சொன்னவர்கள்தான் சபரிமலை சீசனில் ஏறிப் பின்சீட்டில் குறட்டை விட்டார்கள். 2005ல் அதை நிறுத்தினபோது டிரைவர்மார் பட்ட வருத்தம் கொஞ்சமல்ல. எட்டியோஸும் அப்படித்தான். மீட்டர் நடுவில் இருக்கிறது, முகம் சப்பென்று இருக்கிறது என்று குறை. நாங்கள் அதை ஓட்டியே வீடு கட்டினோம்.

ஜப்பான்காரன் அழகாகச் செய்யத் தெரியாதவன் இல்லை. அழகுக்காக எதையும் விட்டுக்கொடுக்க மாட்டான். கதவு திறக்கிற அகலம், ஏறுகிற உயரம், ஏசி பின்னால் எட்டுகிற விதம், இதெல்லாம் டிசைன் இல்லையா? வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு முகம்தான் டிசைன். நாங்கள் நாளெல்லாம் உள்ளே இருக்கிறவர்கள்.

குளச்சல் கப்பல்:

நான் கத்தாரில் இருந்து எழுதுகிறேன். அங்கே டீக்கடைப் பேச்சு ஏற்கெனவே ஒரு சுற்று மாறிவிட்டது. நான் வந்த புதிதில் சீன வண்டி வாங்கியவர்கள் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், கேட்டால் 'ஆபீஸ் போக வர' என்பார்கள். இப்போது ஜெட்டூர், ஜீலி, சாங்கான் எல்லாம் ரூமில் பேச்சு. லேண்ட் க்ரூஸருக்கு மரியாதை அப்படியேதான் இருக்கிறது, பாலைவனத்தில் மாட்டினால் அதுதான் வரும் என்ற நம்பிக்கை. ஆனால் சம்பளக்காரன் சீனாவைக் கேலி செய்வதில்லை.

இதே கேலியை முன்பு கொரியா வாங்கியது. 1986ல் ஹூண்டாய் எக்ஸெல் அமெரிக்காவுக்குப் போய் விலை குறைவு என்று குவிந்து விற்றது, பிறகு தரத்தை வைத்து டிவி நிகழ்ச்சிகளில் ஜோக் அடித்தார்கள். அதை மாற்ற 1998ல் பத்து வருஷம், ஒரு லட்சம் மைல் வாரண்டி என்று இறங்கவேண்டி வந்தது. அதற்கு முன்னால் டொயோட்டா. 1957ல் க்ரவுன் காரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், அங்குள்ள ஹைவே வேகத்துக்கு அது தாங்கவில்லை, சில வருஷத்தில் பின்வாங்கினார்கள். இன்றைக்கு 'டொயோட்டா சாகாது' என்கிறவரின் தாத்தா காலத்தில் அமெரிக்காக்காரன் டொயோட்டாவைப் பார்த்துச் சிரித்தான்.

பாளையங்கோட்டையான்:

பக்கத்து மாவட்டத்திலிருந்து தலையிடுகிறேன், மன்னிக்கணும் வே. அப்போ சீனாக்காரன் காப்பி அடிக்கவே இல்லைன்னு சொல்லுதீரா?

ஆரல்வாய்மொழி காற்றாடி:

அடித்தார்கள், அதில் சந்தேகமே வேண்டாம் அண்ணே. 2014ல் லேண்ட்விண்ட் எக்ஸ்7 என்று ஒரு வண்டி வந்தது. ரேஞ்ச் ரோவர் எவோக்கைப் பக்கத்தில் நிறுத்தினால் வீட்டுக்காரருக்கே குழப்பம் வரும். ஜாகுவார் லேண்ட் ரோவர் பெய்ஜிங் நீதிமன்றத்துக்குப் போய் 2019ல் ஜெயித்தது. அந்தக் கம்பெனி 2008லிருந்து டாடாவுடையது என்பதால் அது ஒருவகையில் நம் வீட்டு வழக்கு. சீன நீதிமன்றமே சீனக் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

இன்னொரு கதை நமக்கு நெருக்கம். 1998 வாக்கில் சான்ட்ரோ, இண்டிகாவோடு களத்தில் நின்ற கொரியாவின் டேவூ மேட்டிஸ் ஞாபகம் இருக்கிறதா? உருண்டைக் கண் குட்டி. அதை அப்படியே உரித்த மாதிரி செரி க்யூக்யூ என்று சீனாவில் வந்தது. டேவூவை எடுத்துக்கொண்ட ஜெனரல் மோட்டார்ஸ் வழக்குப் போட்டு, பிறகு சமரசமானது. ஆனால் அந்த மேட்டிஸ் முகம்கூட டேவூ பெற்ற பிள்ளை அல்ல. ஜுஜாரோவின் இத்தாலி டிசைன் ஸ்டுடியோ அதை முதலில் வரைந்தது ஃபியட்டுக்காக. ஃபியட் வேண்டாம் என்றது, கொரியா எடுத்துக்கொண்டது, சீனா உருவிக்கொண்டது.

இப்போது சீனா அந்தக் கட்டத்தில் இல்லை. பிஒய்டி அட்டோ 3 காரின் கதவுப் பைக்குக் கம்பி வலைக்குப் பதில் கிட்டார் கம்பி மாதிரி மூன்று வடம் கட்டியிருக்கிறான், மீட்டினால் சத்தம் வரும். அது தேவையா இல்லையா என்பது வேறு. ஆனால் அதை எங்கிருந்தும் காப்பி அடித்திருக்க முடியாது, ஏனென்றால் வேறு யாரும் அப்படி ஒரு காரியத்துக்குத் துணியவில்லை!

குழித்துறைக்காரன்:

கிட்டார் கம்பியில் மீன் கவரைத் தொங்கவிட்டால் நாற்றம் எத்தனை நாள் இருக்கும் என்று பிஒய்டி சோதித்ததா தெரியவில்லை.

ஆனால் ஒன்று. வரைபவர் இத்தாலி, ஜெர்மனி என்பது பாதிக் கதைதான். இருபது படம் வரைந்து மேசையில் வைத்தால் எதைக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள் என்பது மீதி. அங்கேதான் நாட்டுக் குணம் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஹோண்டாவைப் பாருங்கள். மனிதனுக்கு அதிக இடம், இயந்திரத்துக்குக் குறைந்த இடம் என்பது அவர்கள் பல காலமாகச் சொல்கிற கொள்கை. ஜாஸ் காரில் பெட்ரோல் டேங்கைப் பின்சீட்டுக்குக் கீழிருந்து எடுத்து முன்சீட்டுக்கு அடியில் வைத்தான். அதனால் பின்சீட்டின் அடிப்பலகையை மேலே மடக்கி நிறுத்தலாம், தரையிலிருந்து கூரைவரை இடம். எங்கள் அத்தான் அதில் வாழைக்குலையை நட்டமே நிறுத்திக் கொண்டுவருவார், ஒரு காய் நசுங்காது. படம் வரைகிறவர் யாரானாலும் அந்த டேங்கை நகர்த்தியது ஜப்பான் மூளை.

வண்டி இங்கே சுமாராகத்தான் போயிற்று, இப்போது விற்பனையிலும் இல்லை. அது தனி வயிற்றெரிச்சல்.

தக்கலை டீச்சர்:

எல்லாரும் ஸ்டுடியோவில் நிற்கிறீர்கள். நம் மாவட்டத்தில் கார் டிசைனுக்கு மார்க் போடுவது யார் தெரியுமா? மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 'பெண்ணுக்கு என்ன வண்டி கொடுக்கிறீர்கள்' என்று கேட்கிற வீட்டில் மைலேஜ் கேட்டு நான் பார்த்ததில்லை. முற்றத்தில் நின்றால் ரோட்டிலிருந்து தெரியவேண்டும், அதுதான் டிசைன். நானோ ஏன் தோற்றது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். உள்ளே இடம் இருந்தது, திருப்பக் கைக்கு அடக்கம். 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று பேர் விழுந்துவிட்டது, அதை வாசலில் நிறுத்த யாருக்கும் மனசு வரவில்லை. வடிவம் தோற்கவில்லை, பேர் தோற்றது. வரதட்சணையாகக் கார் வாங்கிக்கொண்டு அதன் கிரில் சரியில்லை என்று சலித்துக்கொள்கிறவர்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நிர்வாகி இழையைப் பூட்டிவிடுவார், விடுகிறேன்.

இனி ஓட்டுகிறவள் என்ற முறையில். எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து ரப்பர் விளைகளுக்கு நடுவே ஊடுவழி, இரண்டு பக்கமும் மதில், நடுவில் ஒரு வளைவு, வளைவிலேயே ஏற்றம். வேகன்ஆர் அகலம் 1620 மில்லிமீட்டர். க்ரெட்டா 1790. இன்னோவா ஹைக்ராஸ் 1850. இது போக பக்கவாட்டுக் கண்ணாடிகள் வேறு நீட்டிக்கொண்டிருக்கின்றன. விளவங்கோடு, கல்குளம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் போதும், ஒரு படமும் வேண்டாம். ஊர் பெரிதாகவில்லை, வண்டி பெரிதாகிறது. எதிரே ஒரு ஆட்டோ வந்தால் யாரோ ஒருவர் மெயின் ரோடுவரை ரிவர்ஸ் எடுக்கவேண்டும், அது பெரும்பாலும் நான்தான்.

அப்புறம் அந்தக் கதவுக் கைப்பிடி. ஒரு புது மின்சாரக் காரில் அம்மாவைக் கூட்டிப்போனேன். கைப்பிடி கதவோடு கதவாக மூடிக்கிடக்கிறது. மழை, ஒரு கையில் குடை, ஒரு கையில் பை. அம்மா கதவைத் தடவிக்கொண்டே நின்றார், உள்ளிருந்து டிரைவர் திறந்துவிட்டார். அழகுக்காக உள்ளே ஒளித்த இந்தக் கைப்பிடிகளுக்குச் சீன அரசே இப்போது கட்டுப்பாடு கொண்டுவருகிறது, விபத்தில் மின்சாரம் போனாலும் கையால் திறக்க வேண்டும் என்று. நம்மவர்கள் இப்போதுதான் ஆசையாக அதை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நாகர்கோவில் டாக்ஸி:

டீச்சர் சொன்ன கைப்பிடிக்கு நூறு மார்க். பழைய இழுக்கிற கைப்பிடியை மாற்றச் சொல்லி எந்தப் பயணி கேட்டார்?

டிங்கர் மாமா மார்த்தாண்டம்:

இந்த இழையை மகன் காட்டினான். நான் சொல்ல அவன் எழுதுகிறான்.

நான் தகரத்தோடு பிழைக்கிறவன். குழித்துறைத் தம்பி கேட்ட நாலு வாக்கியத்தில் முதலாவதுக்கும் நாலாவதுக்கும் என் பதில். ஷோரூமில் கதவைத் தட்டிப் பார்க்கிறார்களே, 'டம்' என்றால் உறுதி, 'டிங்' என்றால் தகரம் என்று, அது சும்மா. மேல் தகரம் உயிரைக் காப்பதில்லை. உள்ளே கதவுக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள தூண், கால் வைக்கிற இடத்துச் சட்டம், கதவுக்குள் படுத்திருக்கும் குறுக்குக் கம்பி, இவைதான் வேலை செய்யும். அதை ஷோரூமில் காண முடியாது, இடித்த வண்டியை உரிக்கும்போது நான் காண்பேன். டாடா நெக்ஸான் 2018ல் வண்டியை மோதவிட்டுப் பார்க்கிற குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கினபிறகு 'நம்ம வண்டி உறுதி' என்ற பேச்சு உறுதியானது, நியாயம்தான். ஆனால் தகரம் என்று கேலி பேசிய மாருதியில் புது டிசையர் 2024ல் அதே ஐந்தை வாங்கியது. அதைச் சொன்னால் ஆள்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கேலியை விட மனசில்லை.

இனி டிசைன். இப்போதைய வண்டியின் பக்கவாட்டில் கத்தியால் கீறினாற்போல் கோடுகள் ஓடுகின்றன. ஃபெண்டரில் தொடங்கி இரண்டு கதவையும் தாண்டி டிக்கிவரை. தொழிற்சாலையில் அச்சில் ஒரே அடியாக விழுகிற கோடு அது. ஒரு பைக் இடித்து அந்தக் கோட்டில் சின்னச் சொட்டை விழுந்தால் என் பாடு. சமதளச் சொட்டை என்றால் இழுத்து, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு முடித்துவிடலாம். கோட்டில் விழுந்தால் பட்டியிலேயே அந்த விளிம்பைத் திரும்பச் செதுக்கவேண்டும். முடித்தபின் வண்டியை டியூப் லைட்டுக்குக் கீழே நிறுத்தி, தகரத்தில் விழுகிற டியூப் லைட்டின் நிழலைப் பார்ப்போம். அந்த வெள்ளைக் கோடு ஃபெண்டரில் நேராக வந்து கதவில் நடுங்கினால் திரும்ப உரசு. முன்பு பாதி நாளில் தீர்ந்த பணி இப்போது இரண்டு நாள் இழுக்கிறது. கூலி கேட்டால் 'இத்துனூண்டு சொட்டைக்கா' என்கிறார்கள்.

கடல்காற்று அடுத்தது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் வண்டி வந்தால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, நேரே கீழே குனிவேன். சக்கரத்து வளைவின் உள்மடிப்பு, கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கிற குழி. ஆம்னியில் ஐஸ் பெட்டி வைத்து மீன் ஓட்டுகிறவர்கள் வண்டியில் தரையே காகிதமாகிவிடும். இப்போது எஸ்யூவி தோற்றத்துக்காகச் சக்கர வளைவைச் சுற்றிக் கறுத்த பிளாஸ்டிக் ஒட்டுகிறார்களே, அது கல் தெறிப்புக்கு நல்லது. ஆனால் அதற்குள் சேறும் உப்பும் புகுந்து உட்கார்ந்துவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. கழற்றினால்தான் தெரியும் உள்ளே நடந்த கூத்து. அது ஜப்பானும் பார்க்காது, கொரியாவும் பார்க்காது. மாதம் ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுகிற வீட்டு வண்டி நிற்கும், கழுவாத வீட்டு வண்டி அரிக்கும்.

வெளிச்சக் கோடு பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்பாசடரில் பல்பு போனால் பல்பு மாற்றினோம். இது ஒட்டி மூடிய சாமான். ஒரு மூலை கீறினாலும் முழுசும் மாற்று என்பார்கள். அழகாக இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. வாங்குவதற்கு முன்னால் அதன் விலையைக் கேளுங்கள், அவ்வளவுதான்.

குளச்சல் கப்பல்:

மாமா, ஐஸ் பெட்டி ஆம்னி எங்கள் வீட்டிலும் ஒன்று நின்றது. தரையைப் பற்றிச் சொன்னது அப்படியே.

ஆரல்வாய்மொழி காற்றாடி:

மாமா எழுதியதற்குப் பிறகு நான் எழுதுவது அதிகப்பிரசங்கம், ஆனாலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வடிவத்தை வரைகிறவர்களில் அரசாங்கத்தில் வரி போடுகிறவர் முக்கியமான ஆள்.

வேகன்ஆர் ஏன் ஒடுக்கமாக, உயரமாக இருக்கிறது? 1993ல் ஜப்பானில் பிறந்தபோது அங்குள்ள 'கெய் கார்' என்ற குட்டிக் கார் வகையின் விதிக்குள் அடங்கவேண்டும். இன்றைய அளவு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இன்ஜின் 660 சிசி. அதற்கு மேல் போனால் வரிச் சலுகை இல்லை. நீளமும் அகலமும் பூட்டிவிட்டால் மேலேதான் போகலாம். அந்த விதி இங்கே இல்லை, ஆனாலும் டீச்சர் வீட்டு ஊடுவழியில் அது பலன் தருகிறது. சான்ட்ரோ உயரத்தையும் முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு முட்டுவலிக்கார அப்பாமார் குனியாமல் ஏறி உட்கார முடிகிறது என்று தெரிந்ததும் பேச்சு மாறியது.

நம் நாட்டு விதி 2006ல் வந்தது. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500க்குள், வரி குறைவு. உடனே செடான்களின் வாலை வெட்ட ஆரம்பித்தார்கள். 2008ல் இண்டிகோ சிஎஸ், 2012ல் டிசையர், பின்னால் வரிசையாக. பின்பக்கம் மட்டும் யாரோ கதவை அவசரமாகச் சாத்தினாற்போல் இருக்குமே, அது எந்த டிசைனரின் ஆசையும் இல்லை. வென்யூ, சோனெட், நெக்ஸான், ப்ரெஸ்ஸா எல்லாவற்றின் நீளமும் 3995 மில்லிமீட்டர். கொரியா, இந்தியா, ஜப்பான் மூன்றும் ஒரே புள்ளியில் வந்து நிற்கின்றன. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோதும் அந்தக் கோடு அழியவில்லை: அளவுக்குள் இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40. நீளத்தைப் பூட்டிய பிறகு நிறுவனங்களுக்கு வித்தியாசம் காட்ட மிஞ்சுவது முகம் மட்டும். அதனால்தான் எல்லாரும் முகத்திலேயே கொட்டுகிறார்கள், கொட்டிக் கொட்டி எல்லா முகமும் ஒன்றாகிவிட்டது.

பாளையங்கோட்டையான்:

இது நல்லா இருக்கு வே. நான் இத்தனை நாள் அந்த வெட்டின டிக்கிக்கு டிசைனரைத் திட்டிக்கிட்டிருந்தேன்.

நாகர்கோவில் டாக்ஸி:

ஒன்று கேட்கிறேன். கொரியா வண்டிக்கு மறுவிற்பனை இல்லை என்ற வாக்கியம் இங்கே எப்படி வந்தது? எனக்குத் தெரிந்து க்ரெட்டா பழையது வந்தால் நிற்கவே விடமாட்டார்கள். பழைய வண்டி பேசுகிறவர்களிடம் கேட்டால் கொரியா, ஜப்பான் என்று யாரும் பேசுவதில்லை. முதல் கேள்வி டிஎன் 74ஆ, 75ஆ, கேரள நம்பரா. இரண்டாவது நிறம். வெள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். மூன்றாவது கடலோரத்தில் நின்றதா. கம்பெனியே நாலாவது இடத்தில்தான் வருகிறது.

மேற்கே போகப்போக இன்னொரு வேடிக்கை. களியக்காவிளையில் வண்டி வாங்குகிறவன் அபிப்பிராயம் திருவனந்தபுரத்திலிருந்து வருகிறது, மலையாள வீடியோ பார்த்து முடிவு எடுக்கிறான். தோவாளையில் வாங்குகிறவன் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் கேட்கிறான். ஒரே மாவட்டத்தில் இரண்டு தீர்ப்பு.

குழித்துறைக்காரன்:

அண்ணே, அது சரிதான். எங்கள் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது. எம்ஜி என்றால் பிரிட்டிஷ் வண்டி என்று பெருமையாக வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். பெயர் மோரிஸ் கராஜஸ், அது இங்கிலாந்துதான். இப்போது சீனாவின் செய்க் கம்பெனியுடையது, இங்கே ஜேஎஸ்டபிள்யூ கூட்டு. வின்ட்ஸர் என்று அரண்மனைப் பெயர் வைத்த வண்டி சீனாவில் பாவ்ஜுன் யுன்டுவோ. 'சீனா வண்டி வேண்டவே வேண்டாம்' என்ற என் நண்பன் ஒருவன் அதில்தான் வந்து இறங்கினான். நான் ஒன்றும் சொல்லவில்லை, வண்டி நல்ல வண்டி, பின்சீட் சாய்கிற சாய்வுக்கு யாரும் தூங்கிவிடுவார்கள்.

நம் அம்பாசடரும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான். அந்தக் கணக்கில் அம்பாசடரும் எம்ஜியும் பங்காளிகள். ஒன்றை உள்ளூர் என்று கும்பிட்டோம், இன்னொன்றை வெளிநாடு என்று பார்க்கிறோம், சீனா என்று மட்டும் சொல்ல மறந்துவிடுகிறோம்.

ஆரல்வாய்மொழி காற்றாடி:

எனக்கு இந்தியக் கம்பெனிகள் மேல் கொஞ்சம் சாய்வு உண்டு, ஒளிக்கவில்லை. செங்கல்பட்டு பக்கம் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். டாடாவில் டியாகோ, நெக்ஸான் காலத்தில் வடிவமைப்புக்குத் தலைமை வகித்த பிரதாப் போஸ் 2021ல் மஹிந்திராவுக்குப் போனார். 2024 நவம்பரில் மஹிந்திரா பிஇ 6 என்ற மின்சாரக் காரைக் காட்டியபோது பாதிப் பேர் விண்கலம் என்றார்கள், பாதிப் பேர் பொம்மை என்றார்கள். எனக்கு அதுவே பிடித்திருந்தது, திட்டுவதற்காவது ஒரு முகம் இருக்கிறது. டாடாவின் புது சியராவும் அப்படி. 1991 சியராவின் அந்த வளைந்த பின்பக்கவாட்டுக் கண்ணாடியை நினைவில் வைத்து, அதை இன்றைக்கு ஏற்றபடி செய்திருக்கிறார்கள். அது ஜுஜாரோவும் இல்லை, ஜெர்மனியும் இல்லை, நம் சொந்த ஆல்பத்திலிருந்து எடுத்தது.

தக்கலை டீச்சர்:

தம்பி, பிஇ 6 அகலம் 1907. உங்கள் ஆல்பத்தை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

மாமா சொன்னதைக் கேட்டு சனிக்கிழமை நாகர்கோவிலில் மூன்று ஷோரூம் ஏறி இறங்கினேன். பெயர் போடவில்லை, மூன்றும் வேறு வேறு நாட்டுக் கம்பெனி என்று மட்டும் சொல்கிறேன். ஒரே கேள்வி: முன்பக்கம் ஒரு மூலையில் இடித்தால் அந்த வெளிச்சக் கோட்டுக்கு என்ன விலை? ஓரிடத்தில் கணினியில் தட்டி அப்போதே சொன்னார்கள், ஹெட்லைட் தனி, நடுத்துண்டு தனி, இரண்டு மூலையும் தனி என்று. விலை பயங்கரம்தான், ஆனால் சொன்னார்கள். இன்னோரிடத்தில் 'இன்சூரன்ஸ் இருக்கே மேடம்' என்று சிரித்தார்கள். மூன்றாவது இடத்துப் பையன் மேனேஜரைக் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னான். இன்னும் வரவில்லை. ஆனால் டெஸ்ட் டிரைவ் எப்படி இருந்தது என்று அவனிடமிருந்து இரண்டு மெசேஜ் வந்துவிட்டது.

டிங்கர் மாமா மார்த்தாண்டம்:

டீச்சர், 'இன்சூரன்ஸ் இருக்கே' என்று சிரித்த இடத்துக்கு இன்னொரு தடவை போங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் சாமானுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இப்போதைய வண்டியின் முன்பக்கம் முக்காலும் பிளாஸ்டிக்தான். தேய்மானம் கழிக்காத பாலிசி தனியாகப் பணம் கட்டி எடுப்பது. அதை எத்தனை வருஷம்வரை புதுப்பித்துக் கொடுப்பார்கள், வருஷத்துக்கு எத்தனை தடவை க்ளெய்ம் போடலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அப்போது அவர் சிரிக்கிறாரா என்று பாருங்கள்.

மூன்றாமவன் விலை அனுப்பினால் இங்கே போடுங்கள், நான் கடைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன். சொட்டையோடு வருகிறவர்கள் என்னிடம் பேரம் பேசுவதற்கு முன்னால் அதை வாசிக்கட்டும்.